கரையில் எழுதிய பெயர்: இராமநாதபுரம் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மறுவாழ்வு, சுகாதாரம், பிறப்பு இறப்புப் பதிவு, தொழிலாளர் நலன் ஆகிய துறைகளின் மாவட்ட அலுவலர்களுக்கும் வணக்கம்.

மண்டபம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் கைப்பிள்ளையோடு இருந்துகொண்டு வேலைக்கும் போகிற தாய்மாரைப் பற்றிய மடல் இது. வீடு பற்றியும், அரசு மாதாமாதம் தரும் பணக்கொடை பற்றியும் எழுதியவர்கள் நிறைய. 2021இல் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 ரூபாய் என உயர்ந்தது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரும் அந்த ஆண்டே மாறியது. அதையெல்லாம் இங்கே திரும்ப எடுக்கப்போவதில்லை. பிள்ளை பிறந்த முதல் ஓராண்டுக்குள் அதற்கு ஒரு நாட்டைத் தேடிக்கொடுக்க அந்தத் தாய் எத்தனை படி ஏறவேண்டியிருக்கிறது, எந்தப் படியில் வழுக்குகிறது, ஏன் வழுக்குகிறது என்பதை மட்டும் சொல்கிறோம். மனு எழுதிக் கொடுப்பது எங்கள் அன்றாட வேலை. ஆகவே படிகள் கணக்காகத் தெரியும். எந்த ஒரு அலுவலகத்தின் மேலும் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. ஒவ்வோர் அலுவலகமும் தன் விதிப்படி சரியாகத்தான் நடக்கிறது, ஆனால் பிள்ளை நடுவில் விழுந்துவிடுகிறது.

பெயர் எழுதுவது மண்டபத்துக்குப் பழகிய வேலை. வெள்ளைக்காரர் ஆட்சியில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை நோய் இருக்கிறதா என்று பார்க்க நிறுத்திவைத்த இடம்தான் இந்த முகாம். அன்று இங்கிருந்து அக்கரைக்குப் போகிறவர்களின் பெயரை எழுதினார்கள். 1983 சூலைக் கலவரத்துக்குப் பிறகு அக்கரையிலிருந்து வந்தவர்களின் பெயரை எழுதினார்கள். 1990இல் எழுதினார்கள், 2006க்குப் பின் எழுதினார்கள், 2022 மார்ச்சில் பொருளாதார நெருக்கடி தாங்காமல் அரிச்சல்முனைப் பக்கம் வந்து இறங்கியவர்களையும் எழுதினார்கள். மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டு, உடுத்த துணி உப்பில் விறைத்துப்போய், ஒரு கையில் பிள்ளையோடு நிற்கும் பெண்ணிடம் பெயர் கேட்டு எழுதிய அந்த ஒரு வரியிலிருந்துதான் முகாம் அட்டை வந்தது. அட்டையிலிருந்து ஆதார் வந்தது. ஆதாரிலிருந்து மகப்பேறுப் பதிவான பிக்மி எண் வருகிறது. பிக்மியிலிருந்து பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வருகிறது. கரையில் விழுந்த ஓர் எழுத்துப் பிழை முப்பது வருடம் கழித்துப் பேரப்பிள்ளையின் சான்றிதழில் வந்து உட்காருவது இப்படித்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. இராசையாவின் மகள் விஜயலட்சுமி என்று வைத்துக்கொள்வோம். இலங்கைப் பத்திரங்களில் அவள் ‘இராசையா விஜயலட்சுமி’. தகப்பன் பெயர் முன்னால், முழுதாக. இங்கே இனிஷியல் வேண்டும். இராசையா என்றால் இனிஷியல் ‘இ’யா, ‘ரா’வா? அட்டையில் ஒன்று, ஆதாரில் மற்றொன்று. கல்யாணம் ஆனபின் மருத்துவமனைப் பதிவேட்டில் கணவன் மகேந்திரனின் ‘ம’ வந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னொரு கூத்து. அங்கே லட்சுமியை எல், யூ, எக்ஸ் என்று தொடங்கி எழுதும் வழக்கம் உண்டு. இங்கே எல், ஏ, கே, எஸ், எச். தமிழ்நாட்டு எழுத்தருக்கு இவை ஒரே பெண். சென்னையில் இலங்கைத் துணைத் தூதரகத்தின் மேசையில் இவை நான்கு பெண்கள். வயதும் அப்படியே. கரையில் ‘வயது 19’ என்று மட்டும் எழுதியிருப்பார்கள். பிற்பாடு கணினி தேதி கேட்டபோது சனவரி 1 என்று போட்டுக்கொண்டவர்கள் உண்டு.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குச் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். குடியுரிமைச் சட்டம் 1955இன் 3ஆம் பிரிவில் இரண்டு தேதிகள். 1987 சூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராயினும், பிறப்பால் இந்தியக் குடிமகன். அன்று முதல் 2004 டிசம்பர் 3க்கு முன்வரை பிறந்தவர் என்றால், தாய் தந்தையரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அதன்பின் பிறந்தவர் என்றால் ஒருவர் குடிமகனாக இருப்பதோடு மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இல்லாமலும் இருக்க வேண்டும். 1986இல் இந்த மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் கடவுச்சீட்டு கேட்டபோது மறுக்கப்பட்டு, 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அவர் வாதத்தின் அடித்தளம் எங்கே, எப்போது பிறந்தார் என்பதைக் காட்டும் தாள். அவருக்குப் பத்து வருடம் இளைய தங்கை இருந்தால், அதே முகாமில் பிறந்திருந்தாலும், அதே தாள் அவளுக்கு அந்தக் கதவைத் திறக்காது.

இன்று முகாமில் பிள்ளை பெறும் பெண்களில் பெரும்பாலோர் அந்தத் தங்கையின் வயதுக்காரர்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்குப் போய், இராமநாதபுரத்துப் பேச்சும் யாழ்ப்பாணத்துச் சமையலுமாக வளர்ந்தவர்கள். இலங்கையைப் பார்த்ததே இல்லை. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைச் சொன்னது. இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் ஆணை, 2015 சனவரி 9 வரை இங்கே வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமில்லாமல் வந்து தங்கியதற்கான தண்டனை விதிகளிலிருந்து விலக்குக் கொடுத்தது. பெரிய ஆறுதல்தான். ஆனால் அந்த ஆணை தண்டனையை விலக்கியதே தவிரக் குடியுரிமை கொடுக்கவில்லை. இந்த வேறுபாடு தெரியாமல், ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று நினைத்துப் பிள்ளையின் தாள்களைத் தள்ளிப்போடும் வீடுகளை இப்போது பார்க்கிறோம். முகாம் அறிவிப்புப் பலகையில் நாலு வரியில் இதைத் தமிழில் எழுதி ஒட்டினாலே பாதி குழப்பம் தீரும்.

இனிப் பிரசவம். முதல் மூன்று மாதத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் வாங்க வேண்டும். இது பெரும்பாலும் ஒழுங்காக நடக்கிறது. செவிலியர்கள் வீடு வீடாக வந்துவிடுகிறார்கள். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியும் முகாம் தாய்மாருக்கு உண்டு. தாமதம் பிரசவத்துக்குப் பின்னால்தான். சாதாரணப் பிரசவம் என்றால் பக்கத்திலேயே முடிந்துவிடும்; இரத்த அழுத்தம், இரட்டைக் கரு, முன்பு ஆபரேசன் என்று ஏதாவது இருந்தால் இராமநாதபுரத்துக்கு அனுப்புவார்கள். பிறப்பு எந்த இடத்தில் நடந்ததோ அங்கேதான் பதிவாகும், பெற்றவள் எங்கே குடியிருக்கிறாள் என்பது கணக்கில்லை. ஆகவே பின்னால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவள் இராமநாதபுரத்துக்குத்தான் ஓடவேண்டும்.

பிறந்த 21 நாளுக்குள் பதிவு கட்டணமில்லாமல் நடக்கும். அரசு மருத்துவமனையில் அவர்களே பதிந்துவிடுவதால் இந்தக் கெடு பெரும்பாலும் தப்புவதில்லை. பெயர்தான் தப்பும். ஈழத்து வீடுகளில் முப்பத்தோராம் நாள் துடக்கு, அதாவது தீட்டு, கழித்த பிறகுதான் பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள். 21 எங்கே, 31 எங்கே! அந்தப் பத்து நாள் இடைவெளியில் பிள்ளை பெயரில்லாமலே பதிவாகிறது. பெயரைப் பின்னால் சேர்க்கலாம்; 12 மாதத்துக்குள் கட்டணமில்லை, அதன்பின் 15 வருடம்வரை தாமதக் கட்டணத்தோடு. இந்த 15 வருடம் என்ற சலுகையே வினை. ‘இருக்கட்டும், பள்ளிக்கூடம் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். ஆனால் இலங்கைக் குடியுரிமைக்கான பதிவு ஓராண்டுக்குள் நடக்க வேண்டும்; அதற்குப் பெயரில்லாத சான்றிதழைக் கொண்டுபோனால் திரும்பி வர வேண்டியதுதான். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பல இடங்களில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே சான்று என்று சட்டம் திருத்தப்பட்டபின், பெயரில்லாத சான்றிதழின் பாரம் கூடியிருக்கிறது.

பிரசவ வார்டில் விவரம் சொல்வது யார் என்று கவனித்தால் பிழை வரும் வழி தெரியும். பெற்றவள் மயக்கத்தில் இருப்பாள். கணவன் பெயின்ட் வேலைக்கு வெளியூர் போயிருப்பான். முகாம் ஆண்களில் நிறையப் பேருக்கு அதுதான் பிழைப்பு. மாமியாரோ பக்கத்து வீட்டுக்காரியோ நின்று வாயால் சொல்வார்கள். ‘நிரந்தர முகவரி’ என்ற இடத்தில் சிலர் முகாமைச் சொல்வார்கள், சிலர் முல்லைத்தீவைச் சொல்வார்கள். முதல் பிள்ளைக்கு முகாம், இரண்டாவதுக்கு முல்லைத்தீவு என்று ஒரே வீட்டில் இரண்டு விதமான சான்றிதழ் பார்த்திருக்கிறோம்.

சொற்கள் வேறு குறுக்கே வரும். நாம் பிறப்புச் சான்றிதழ் என்பதை அவர்கள் ‘பிறப்பு அத்தாட்சிப் பத்திரம்’ என்பார்கள். நமக்குக் கச்சேரி என்றால் பாட்டு. அவர்களுக்கு மாவட்டத் தலைமை அலுவலகம். ‘கல்யாணம் பதிஞ்சிருக்காம்மா?’ என்று கேட்டால், ‘கோயில்ல தாலி கட்டினது, எழுத்து இன்னும் நடக்கேல்ல’ என்று பதில் வரும். எழுத்து என்றால் திருமணப் பதிவு. கேட்கிறவருக்கு எழுத்து என்றால் படிப்பு. இந்தப் பத்துப் பதினைந்து சொற்களை ஒரு பக்கத்தில் அச்சிட்டுப் பதிவு மேசைகளில் கண்ணாடிக்கு அடியில் வைத்தால் போதும். செலவு ஒன்றுமில்லை.

அந்த எழுத்துத்தான் அடுத்த படி. 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி கல்யாணமான 90 நாளுக்குள் பதிய வேண்டும். முகாமில் பலரும் அதைச் செய்வதில்லை. அட்டையில் கணவன் மனைவி என்று ஏறிவிட்டால் கல்யாணம் அரசுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அது தெரிந்தது மறுவாழ்வுத் துறைக்கு மட்டும். பிள்ளையின் குடியுரிமைக்குத் திருமணச் சான்றிதழ் கேட்கப்படும்போதுதான் விழிப்பு வரும், அதற்குள் கெடு போயிருக்கும். உள்ளூர்க்காரரைக் கட்டிய பெண்ணுக்கு இது இன்னும் முக்கியம். இந்தியக் குடிமகனை மணந்தவர் ஏழாண்டு இங்கே வசித்தபின் பதிவு மூலம் குடியுரிமை கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. சட்டவிரோதக் குடியேறி என்ற முத்திரை இல்லாதிருப்பது நிபந்தனை. அந்த முத்திரை பற்றிய வழக்கை அவள் நடத்தட்டும், நடத்தாமல் போகட்டும், கையில் திருமணச் சான்றிதழ் இல்லாவிட்டால் வாசலிலேயே நின்றுவிடுவாள்.

இலங்கைப் பக்கத்துப் பதிவு இப்படி. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை தானாக வராது. ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டிப் பின்னாலும் பதியலாம், ஆனால் அலைச்சல் கூடும். 2003 திருத்தத்துக்கு முன், பெற்றோர் மணமானவர்கள் என்றால், பிள்ளைக்குத் தகப்பன் வழியாகவே குடியுரிமை வந்தது. 2003 திருத்தத்துக்குப் பின் தாய் வழியாகவும் வரும். கணவன் விட்டுப்போன பெண்களில் பலருக்கு இது தெரியாது. அவன் பத்திரம் இல்லையே என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். பிள்ளையின் சான்றிதழ், தாய் தந்தையின் பிறப்புப் பத்திரங்கள், திருமணச் சான்றிதழ், இலங்கை அடையாளம் எதுவும் இருந்தால் அதுவும் வேண்டும். தாயே இங்கே பிறந்தவள் என்றால் முதலில் அவள் இலங்கைக் குடிமகளாகப் பதிந்தாக வேண்டும், பிறகுதான் பிள்ளை. தாத்தாவின் பத்திரத்தை அவர் பிறந்த ஊர்ப் பிரதேச செயலகத்திலிருந்து எடுக்க வேண்டும். பதிவு எண்ணும் தேதியும் தெரிந்தால் அங்கே இருக்கும் உறவினர் ஒருவர் போய் எடுத்துவிடலாம். எண் தெரியாவிட்டால் வருடம் வருடமாகப் பதிவேட்டைத் தேட வேண்டும். போரில் பதிவேடே அழிந்த ஊர்களும் உண்டு.

சரி, இதற்கு எத்தனை நாள்? ஒரு பிழையும் இல்லாமல் நடந்தால்கூட: சான்றிதழில் பெயர் சேர்க்க இராமநாதபுரம் ஒரு நாள், அதை வாங்க இன்னொரு நாள், திருமணப் பதிவுக்கு இரண்டு நாள், முகாம் அலுவலகத்தில் பிள்ளையைப் பணக்கொடைப் பட்டியலில் சேர்க்கவும் வெளியூர் போக அனுமதி வாங்கவும் ஒரு நாள், சாயங்கால ரயிலேறிச் சென்னை போய்த் திரும்ப இரண்டு இரவும் ஒரு பகலும். ஏழு எட்டு வேலைநாள். ஒரு தாள் குறைந்தால் சென்னைப் பயணம் மறுபடியும். அந்த நாட்களுக்குள், எல்லாரும் நேரில் இருக்க வேண்டிய முகாம் ஆளெண்ணிக்கை வந்துவிடக்கூடாதே என்ற பயம் வேறு. கூலிக்குப் போகிற தாய்க்கு இது எட்டு நாள் கூலி, ரயில் கட்டணம், மூன்று மாதப் பிள்ளையோடு எழும்பூர் நடைமேடையில் ஒரு விடிகாலை. பிள்ளைக்கு வருடம் முழுவதும் வருகிற பணக்கொடை 6,000 ரூபாய். அதில் எவ்வளவு மிஞ்சும் என்று சொல்லத் தேவையில்லை.

வேலை பற்றியும் சொல்ல வேண்டும். வேலைக்குப் போவதால்தான் தாள்கள் தள்ளிப்போகின்றன. தாள்கள் இல்லாததால்தான் வேலை அந்தக் கூலியோடு நின்றுவிடுகிறது.

மண்டபம் வட்டாரத்தில் பெண்களுக்குக் கைக்கெட்டும் வேலை நண்டுக் கம்பெனி, இறால் உரிப்பு, கருவாடு. நண்டு வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். அவித்து ஐஸில் ஆறவைத்த நண்டை மேசையில் கொட்டுவார்கள். சின்னக் கத்தியால் ஓட்டைப் பிளந்து, கட்டிச் சதை உடையாமல் தனியே, தூள் சதை தனியே, ஒரு துண்டு ஓடும் கலக்காமல் எடுக்க வேண்டும். கூலி எடைக்கு. சதை சூடாகக் கூடாது என்பதால் கை எப்போதும் குளிரிலேயே இருக்கும். கூடத்தைவிட்டு வெளியே போனால் மேலங்கி, தொப்பி, காலணி எல்லாம் கழற்றி, திரும்பும்போது குளோரின் தண்ணீரில் கைகால் நனைத்து மறுபடி மாட்ட வேண்டும். சுத்தத்துக்கு அது தேவை, குறை சொல்லவில்லை. ஆனால் பால் கொடுக்கிற தாய் பத்து நிமிடம் போய்வர அரைமணி ஆகிறது, அந்த அரைமணிக்கு எடை இல்லை, கூலியும் இல்லை. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று சுகாதாரத் துறை சொல்கிறது. மார்பு கட்டிக்கொண்டு கழிப்பறையில் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வருகிறார்கள். பீய்ச்சிய பால் 25 டிகிரி வரைதான் நாலு மணி நேரம் தாங்கும். நம் கடற்கரை வெக்கையில் அதற்கும் குறைவு. சுற்றிலும் ஐஸ் குவிந்து கிடக்கும் இடத்தில் ஒரு சின்ன டப்பா பாலை வைக்க ஒரு பெட்டி இல்லை. தனியே ஒரு தெர்மாகோல் பெட்டி, மேலே பெயர் எழுதிய டப்பாக்கள், கூடத்துக்கு வெளியே ஒரு அலமாரி. கேட்பது அவ்வளவுதான்.

சட்டம் இன்னும் அதிகம் கொடுக்கிறது. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போயிருக்கிறது, ‘பெண்’ என்றுதான் சொல்கிறது. ‘இந்தியப் பெண்’ என்று சொல்லவில்லை. பிரசவத்துக்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 80 நாள் என்றால் மாதத்துக்கு ஏழு நாள்கூட வராது. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை. 50 பேர் இருந்தால் பிள்ளைக் காப்பகம். இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கும் இடத்தில் 70 நாள் பங்களிப்பு இருந்தால் அந்த 26 வாரப் பணம் அங்கிருந்து வரும். மாதச் சம்பளம் 21,000 வரை அதில் சேரலாம், குடியுரிமை கேட்பதில்லை. பிறகு ஏன் கிடைப்பதில்லை? ஏனென்றால் அந்த 80 நாள் எந்தத் தாளிலும் இல்லை. ஆளனுப்புகிற மேஸ்திரியின் நோட்டில் ‘கேம்ப் ஆள் 6’ என்றுதான் இருக்கும். சில நாள் அவள் வராதபோது தங்கையை அனுப்புவாள், எண் அதே 6. கையெழுத்து இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. தொழிலாளர் ஆய்வாளர்கள் இந்தக் கரையோரக் கூடங்களுக்குப் போகும்போது ஒன்றே ஒன்றைப் பார்க்கட்டும்: வருகைப் பதிவில் ஆளின் முழுப்பெயர், முகாம் அட்டையில் உள்ளபடி, இருக்கிறதா? அது இருந்தால் மற்றதை நாங்களே கேட்டு வாங்கிக்கொள்வோம்.

படித்த பெண்களின் கதை வேறு மாதிரி நிற்கிறது. பி.காம். முடித்தவள் ஜவுளிக்கடைக் கணக்கில் உட்காருகிறாள், கணினி முடித்தவள் ஜெராக்ஸ் கடையில். அரசு வேலை, வங்கி என்றால் குடியுரிமை. ஒரு செய்தி மட்டும் முகாம்களில் யாரும் சொல்வதில்லை. மத்திய அரசுத் தேர்வுகளிலும் வங்கித் தேர்வுகளிலும் குடியுரிமைப் பத்தியைக் கடைசிவரை படித்தால், இலங்கை உட்படச் சில நாடுகளிலிருந்து இங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடு குடிபெயர்ந்து வந்த இந்திய வம்சாவளியினரும், மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் பெற்றால், விண்ணப்பிக்கலாம் என்றிருக்கும். இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் முகாம்களில் இருக்கின்றன. தாத்தா எந்த ஊரிலிருந்து தோட்டத்துக்குப் போனார் என்பதற்கு ஒரு தாள் வைத்திருப்பவர்களும் உண்டு. அந்தத் தகுதிச் சான்றிதழுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று வழிகாட்ட ஓர் ஆள் போதும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மாதம் ஒரு நாள் ஒதுக்கலாம்.

இனி, தாய்மார் எங்களிடம் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி. ‘பிள்ளைய இலங்கை எண்டு பதிஞ்சா, நாளைக்கு இந்தியா குடுக்கும்போது தர மாட்டினமோ?’ இந்தப் பயத்தினாலேயே எத்தனையோ பிள்ளைகள் இரண்டு பக்கமும் பதியாமல் இருக்கிறார்கள். எங்கள் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறோம்: பதியுங்கள். இயல்புரிமை மூலம், அதாவது இங்கே நீண்டகாலம் வசித்ததைக் காட்டி, இந்தியக் குடியுரிமை கேட்பவர் வேறு நாட்டுக் குடிமகனாக இருப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டால் அந்தக் குடியுரிமையை விட்டுவிடுவேன் என்று உறுதி கொடுக்கச் சொல்கிறது, அவ்வளவே. எந்த நாடும் இல்லாமல் இருப்பது விண்ணப்பத்துக்குக் கூடுதல் பலம் ஒன்றும் தருவதில்லை. மாறாக, இருபத்திரண்டு வயதில் பிரான்சிலோ கனடாவிலோ இருந்து ஒரு சம்பந்தம் வந்தாலோ, செவிலியர் படிப்பு முடித்து வெளிநாட்டு வேலை கிடைத்தாலோ, குடும்பம் வவுனியாவுக்கே திரும்ப முடிவெடுத்தாலோ, அன்று கடவுச்சீட்டு கேட்பார்கள். அன்றைக்குத்தான் முப்பத்தோராம் நாளில் தள்ளிப்போட்ட காரியம் நினைவுக்கு வரும். ஆனாலும் இதை மனு எழுதுகிறவர்கள் சொன்னால் பாதி பேர் நம்புவதில்லை, அரசு சொன்னால் நம்புவார்கள். உங்கள் கையெழுத்தோடு ஒரு விளக்கக் குறிப்பு வேண்டும்.

மற்றவை சின்ன வேண்டுகோள்கள். மாதம் ஒரு நாள் பிறப்புப் பதிவாளர் முகாமுக்கே வந்து பெயர் சேர்க்கும் வேலையை முடிக்கலாம். முப்பத்தோராம் நாள் முடிந்த பிள்ளைகளின் பட்டியலைச் செவிலியர் தருவார். ஆண்டுக்கு இரண்டு முறையாவது இலங்கைத் துணைத் தூதரகத்தின் நடமாடும் சேவையை மண்டபத்துக்கு அழைக்க மாவட்ட நிர்வாகம் எழுதலாம். நூறு தாய்மார் சென்னைக்குப் போவதைவிட நாலு அலுவலர் இங்கே வருவது மலிவு. அதுவரை, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையோடு ஆவண வேலைக்குச் செல்லும் தாய்க்கு ஆளெண்ணிக்கையில் விலக்கு என்று எழுத்தில் இருக்கட்டும். இப்போது அது அலுவலரின் நல்ல மனதைப் பொறுத்திருக்கிறது, அவர் மாறுதலாகிப் போனால் அதுவும் போய்விடுகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யக்கூடியது ஒரு பெயர்ச் சீட்டு. ஏழாம் மாதப் பரிசோதனைக்கு வரும்போதே, மூலப் பத்திரங்களைப் பார்த்து, பெண்ணும் கணவனும் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டு, தாய் சேய் நல அட்டையின் உள்பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். பிரசவ வார்டில் யார் நின்றாலும் அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும், வாயால் சொல்வதை எழுதக் கூடாது. ஏழே வரி:

தாயின் பெயர், இலங்கைப் பத்திரத்தில் உள்ளபடி, தமிழிலும் ஆங்கிலத்திலும். இங்கே பிறந்தவள் என்றால் தன் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி.
தாயின் தகப்பன் பெயர், முழுதாக, இனிஷியல் வேண்டாம்.
தந்தையின் பெயர், அதே முறையில்.
முகாம் அட்டை எண்.
திருமணப் பதிவு எண்ணும் தேதியும். இல்லையென்றால் ‘பதியவில்லை’ என்று எழுதி, பதிய வேண்டிய கடைசி நாள்.
நிரந்தர முகவரி என்ற இடத்தில் எழுத வேண்டியது, ஒரே மாதிரி, எல்லாப் பிள்ளைக்கும்.
பிள்ளைக்குப் பெயர் சேர்க்கக் கெடு: பிறந்த நாளிலிருந்து 12 மாதம். தேதியைச் செவிலியர் பிரசவத்தன்று நிரப்புவார்.

மாதிரிச் சீட்டு ஒன்றை அச்சுக்கு ஏற்றபடி தயாரித்து வைத்திருக்கிறோம். கேட்டால் தருகிறோம், அதில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று முதலில் ஒரு முகாம் தாயிடம் காட்டிப் பார்த்துவிட்டு அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மனு எழுதிக் கொடுப்போர் சிலர்,
மண்டபம்.